ஷாவினாவின் காக்கை

மே மாதத் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போன ஒரு பெண்மணி, ஊர் போய்ச் சேர்ந்த கையோடு இணையத்தில் எங்களைப் பற்றி எழுதினாள். "அறை சுத்தம். ஜாம் அருமை. ஆனால் விடியற்காலை நாலு நாற்பதுக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் கூவ ஆரம்பித்தால் ஏழு மணி வரை ஓய்வதில்லை. தூங்க நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்." ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு கொடுத்திருந்தாள். அந்த இரண்டும் ஜாமுக்காகத்தான் இருக்கும்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கிராமத்துக்கு வந்தால் சேவல் கூவாமல் பின்னே ரயிலா கூவும்? என் கணவன் தியெரி பால் லாரி ஓட்டுகிறவன். சேவலுக்கு முன்னாலேயே எழுந்து பண்ணை பண்ணையாகப் போகிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? "சேவலுக்கு வாய் இருக்கு, அவளுக்குக் காது இருக்கு. நடுவுல நீ ஏன் துள்றே, ஒதீல்?" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

ஆனால் அடுத்த வாரமே வருவதாக இருந்த இரண்டு குடும்பங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டன. எங்களிடம் வாடகைக்கு விட இருப்பதே நாலு அறை. பழைய மாட்டுக்கொட்டகையை மாற்றிக் கட்டியது. வருகிறவர்களுக்குக் காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், முட்டை. சனிக்கிழமை மட்டும் இரவுச் சாப்பாடும் உண்டு. அதை வீட்டுக்காரர்களும் விருந்தினர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பரிமாறிவிட்டு அடுக்களையில் போய்த் தனியாகச் சாப்பிட்டால் அதற்குப் பெயர் ஓட்டல். கோடை மூன்று மாதமும் அந்த நாலு அறை நிரம்பினால்தான் எங்களுக்குக் குளிர்காலம் ஓடும்.

சேவல் ஃபெர்னானுடையது. வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் எங்கள் ஊர் ரோடுகளைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் நாலு அறைகளின் கற்சுவரையும் இரண்டு குளிர்காலம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கட்டிக் கொடுத்தவர் அவர்தான். தினமும் காலை ஏழரைக்கு விருந்தினர்களுக்கு முட்டை கொண்டுவருவார். என் அடுக்களையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பார். சேவலுக்கு அவர் வைத்த பெயர் நோட்டரி. நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு, யாருடைய உயிலையோ வாசித்து யாரையோ அழவைத்துவிட்டு வருவதுபோல் நடக்கும். "போலெத் போனதுக்கு அப்புறம் என் வீட்டுல சத்தம் போட அது ஒண்ணுதான் இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். போலெத், இறந்துபோன அவர் மனைவி. இப்படிச் சொல்கிற மனிதரிடம் உங்கள் சேவலை அடக்குங்கள் என்று எப்படிச் சொல்வது? நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் "சர்க்கரை போதுமா?" என்றுதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கடிதமாக எழுதிப் பெயர் போடாமல் மேயருக்கு அனுப்புகிற ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. அப்படி எழுதுகிறவருக்குக் காக்கை என்று பெயர். ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்திருந்த போர்க்காலத்தில் காக்கைகள் எழுதின கடிதங்களால் என்னென்ன நடந்ததென்று என் தாத்தா சொல்லத் தொடங்கினாலே வீட்டில் பேச்சை மாற்றிவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், விருந்தினர் யாருமில்லாத நேரத்தில், படுக்கை விரிப்புகளைக் கொடியில் உலரப் போட்டுவிட்டு வந்து நான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன்.

"மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு, அமைதியை நாடி இந்த ஊரில் வந்து குடியேறியவர்கள் நாங்கள்" என்று ஆரம்பித்தேன். நான் எங்கள் ஊரான இந்த ஷாவினாவிலேயே பிறந்தவள். என் அம்மா பிறந்ததும் இங்கேதான். என் மேல் சந்தேகம் வந்துவிடக்கூடாதென்று நகரத்துக்காரர் எழுதுவதுபோல எழுதினேன். ஒலி மாசு என்றேன், ஓய்வெடுக்கும் உரிமை என்றேன். எழுத எழுத ருசியாகக்கூட இருந்தது. அப்படி வெளியிலிருந்து வந்து குடியேறினவர் எங்கள் ஊரிலேயே ஒரே ஒருவர்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று நானே சொன்னால் நானே நம்பமாட்டேன். எங்கோ ஓரமாகத் தோன்றியிருக்கும். தோன்றட்டும் என்று விட்டிருப்பேன். சந்தைக்குப் போன அன்று டவுனில் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஒருவர் மதாம் எலேன் வாசேர். லியோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓடைக்கரை மில் வீட்டை வாங்கித் தனியாக இருந்தார். லியோனிலிருந்து வந்தாலும் ஊருக்கு அவர் "பாரிஸ்காரி"தான். எங்களுக்கு நகரம் என்றாலே பாரிஸ்தான். கொஞ்சம் மெதுவாகப் பேசுவார். யாருக்காவது ஊசி போட வேண்டுமென்றால் கூப்பிட்டவுடன் வருவார்.

தேசியத் திருநாளான ஜூலை பதினாலு அன்று ஊர்ப்பொது விருந்து. மேயர் அலுவலகத்துக்குப் பின்னால் எலுமிச்சைப் பூ வாசனை வீசும் லிண்டன் மரங்களுக்குக் கீழே நீள நீளமாக மேசை போட்டு, ஆட்டுக்குட்டியை முழுசாகச் சுட்டு, ஊரே சாப்பிடும். இனிப்பு மட்டும் வீட்டுக்கு வீடு செய்துகொண்டு வர வேண்டும். மேயர் புஜோல் நல்ல மனிதர். ஆனால் இரண்டு கிளாஸ் ஒயின் உள்ளே போனால் வாய் நிற்காது. எழுந்து நின்று பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"கேளுங்கய்யா! நம்ம ஊருக்கும் ஒரு காக்கை வந்து சேர்ந்திருக்கு! ஃபெர்னான், உன் நோட்டரி மேல கேஸு!"

வேடிக்கை என்று நினைத்து அந்த மனுஷர் முழுசாக வாசித்தார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மூலையிலிருந்து யாரோ கொக்கரக்கோ என்று கூவினார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது ஃபெர்னான்தான். "அமைதியை நாடி இந்த ஊரில் வந்து குடியேறியவர்கள்" என்ற இடம் வந்தபோது ஒவ்வொரு தலையாக மேசையின் கடைசிப் பக்கம் திரும்பியது. அங்கே மதாம் வாசேர் உட்கார்ந்திருந்தார். ஃபெர்னானின் சிரிப்பு நின்றது. எழுந்தார்.

"மதாம், போன வருஷம் உங்க வீட்டுக் கூரை ஒழுகினப்போ ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்தவன் யாரு?"

"நீங்கதான்."

"ஒரு காசு வாங்கினேனா?"

"இல்ல."

"அப்புறம் என் கதவைத் தட்டி, யோவ் உன் சேவலை அடக்குன்னு சொல்றதுக்கு என்ன கேடு? எட்டு நிமிஷ நடை!"

"நான் எழுதல, மிசியே ஃபெர்னான்."

"பின்னே என் சேவலா எழுதுச்சு?"

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. "பாரிஸ்காரங்க எல்லாம் இப்படித்தான்! அடுத்தது சாணி நாறுதுன்னு லெட்டர் வரும், பாத்துக்கிட்டே இருங்க!" என்று யாரோ கத்தினார்கள். "நான் லியோன்" என்றார் மதாம் வாசேர். அதை யார் கேட்டார்கள்? அவர் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது அந்தப் பார்வை கொஞ்சம் நின்றது. நான் தலையைக் குனிந்து, ஏற்கெனவே நறுக்கியிருந்த கறியை மறுபடி நறுக்கினேன்.

அவர் கைத்துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் செய்துகொண்டு வந்த ஆப்ரிகாட் பழம் வைத்துச் சுட்ட டார்ட், இனிப்பு மேசையில் அப்படியே இருந்தது. மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் துடைத்து வைத்ததுபோலத் தீர்ந்தது. அதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நானும்தான் தொடவில்லை. சாயங்காலம் மேயர் வீட்டு நாய் அதைத் தின்றது. பாத்திரத்தை நான் கழுவி எடுத்துப் போய் மில் வீட்டு வாசற்கதவருகே வைத்தேன். மணியடிக்காமல் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தியெரியிடம் சொல்லிவிட்டேன். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு செருப்போடு அப்படியே நின்றான்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"போய்ச் சொல்லிரட்டுமா?"

"சொல்லி? ஃபெர்னான் நம்ம மூஞ்சியில முழிப்பாரா? இந்த ஊர்ல இருக்க முடியுமா? வாயை மூடிக்கிட்டுப் பொழப்பைப் பாரு. நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். பாவத்துக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் அன்று நன்றாகத் தூங்கினேன்.

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் காலை பத்து மணிக்கு நாற்சந்தியில் ரொட்டி வண்டி வந்து ஹார்ன் அடிக்கும். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் போன்ழூர் என்று வணக்கம் சொல்லியாக வேண்டும். பங்காளிச் சண்டை போட்டு வழக்காடுகிறவர்கள்கூட முறைத்துக்கொண்டாவது சொல்வார்கள். மதாம் வாசேர் வந்து "போன்ழூர்" என்றால் பேச்சு நிற்கும். ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். ரொட்டிக்காரன் மட்டும் தன் வேலை என்று காசை வாங்கிக்கொண்டு ரொட்டியைக் கொடுப்பான். எங்கள் ஊரில் ஒருவருக்குப் போன்ழூர் இல்லையென்றால் அவர் செத்தவர் கணக்கு.

நான் சொன்னேன். "போன்ழூர், மதாம் வாசேர்!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "போன்ழூர், மதாம்" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நான் மழை வருமா வராதா என்று எதையாவது உளறிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். வருகிற வழியில் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கும். ஊரே ஒதுக்கிவைத்தவளோடு பேசுகிற மகராசி! ஃபெர்னான்கூடக் கடிந்துகொண்டார்: "உனக்கு ரொம்ப இளகின மனசு, பொண்ணே. ஆளு தெரியாம இரக்கப்படாதே."

ஜூலை முடிவதற்குள் ஒருநாள் காலை, மில் வீட்டு வாசலில் யாரோ ஒரு டிராக்டர் பெட்டி நிறையச் சாணி எருவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். வாசற்கதவைத் திறக்கவே முடியாத அளவுக்குக் குவியல். தான் இல்லையென்று ஃபெர்னான் சத்தியம் செய்தார். சொல்லும்போதே கொஞ்சம் சிரித்தார். மதாம் வாசேர் ஜன்னல் வழியாக இறங்கி வந்து, இரண்டு நாள் தனியாக அந்த எருவை மண்வெட்டியால் அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார் என்று கேள்விப்பட்டதும் ஃபெர்னானுக்குச் சிரிப்புப் போய்விட்டது. "இது கொஞ்சம் அதிகம்தான்" என்று காப்பியைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் முதல் வாரம் அந்த வாசலில் "விற்பனைக்கு" என்று பலகை தொங்கியது. என்னால் ஒருத்திக்கு வீடு போகிறது. இதை எனக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்பேன். காலையில் ஃபெர்னான் முட்டையோடு வருவார். "சர்க்கரை போதுமா?" என்பேன்.

பலகை தொங்கி இரண்டு வாரம் ஆனபோதுதான் லீல் நகரத்திலிருந்து பஸ்கால் என்கிறவரும் அவர் மனைவியும் ஒரு வாரம் தங்க வந்தார்கள். பஸ்காலுக்கு வாய் கொஞ்சம் நீளம். புதன்கிழமை காலை அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபெர்னான் முட்டைக் கூடையோடு உள்ளே வந்தார்.

"ஓ, அந்தச் சேவல் உங்களுதுதானா?" என்றார் பஸ்கால். "என்னங்க அது தொண்டை! இவ ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சு, அதுக்கு மேல தலையணையைக் கட்டிக்கிட்டுத் தூங்குறா. மதாம்கிட்ட சொன்னோம். அதுதான் எங்க ஊர்க் கடிகாரம், பழகிக்கோங்கன்னு ஒரே போடா போட்டுட்டாங்க."

அப்படி நான் சொன்னது நிஜம்தான். செய்த தப்புக்குச் சின்னதாக ஏதாவது ஈடு கட்டிவிடலாமென்று இப்போது சேவலுக்கு நான்தான் வக்கீல். ஃபெர்னான் கூடையைக் கீழே வைத்தார்.

"இதுக்கு முன்னாடியும் யாராச்சும் இப்படிச் சொல்லியிருக்காங்களா, ஒதீல்?"

"யாரோ ஒண்ணு ரெண்டு பேரு. அதை விடுங்க."

"மே மாசத்துல ரெண்டு குடும்பம் வராமலே நின்னுட்டாங்க" என்றான் அன்று லாரிக்குப் போகாமல் வீட்டிலிருந்த தியெரி. வாயை மூடிக்கொண்டு இரு என்று எனக்குச் சொன்னவன்!

ஃபெர்னான் காப்பியைத் தொடவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்படியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றின பொட்டலத்தோடு வந்தார். அடுக்களை மேசையில் வைத்து அவிழ்த்தார். இறகு பறித்துச் சுத்தம் செய்த சேவல். என்ன பெரிய உருப்படி! பறித்த தோலில் ஒரு இறகின் அடிக்கட்டைகூட விட்டுவைக்கவில்லை.

"ஃபெர்னான்! என்ன காரியம் பண்ணினீங்க!"

"இன்னிக்கே ஒயின்ல ஊறப் போட்டுடு. ஆறு வயசு ஆச்சு, சீக்கிரம் வேகாது. நாளைக்கு உன் விருந்தாளிங்களுக்கு வை. நானும் வர்றேன்."

"ஏன் இப்படி? யாரு கேட்டா உங்களை?"

"யாரும் கேக்கலை. அதுதான் விஷயம்." நாற்காலியில் உட்கார்ந்தார். "நஷ்டப்பட்டவ நீ. ஒரு வார்த்தை சொல்லலை. எதுவும் நஷ்டமில்லாத அந்தப் பாரிஸ்காரி மேயருக்கு எழுதுறா. அவ எழுதினதுக்காக நான் என் சேவலோட ஒரு இறகைக்கூடத் தொட்டிருக்கமாட்டேன். ஆனா நீ பேசாம தாங்கிக்கிட்டு இருந்தியே, அதுதான் பொண்ணே எனக்குத் தாங்கலை."

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் எது? "தேங்க்ஸ்" என்று சொன்னேன். தேங்க்ஸாம்! இன்றைக்கும் நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

துண்டு துண்டாக வெட்டி, வெங்காயம், கேரட், தைம் தழை போட்டு இரண்டு பாட்டில் சிவப்பு ஒயினில் ஊறவைத்தேன். மறுநாள் மத்தியானம் அடுப்பில் ஏற்றினேன். நாலு மணி நேரம் கொதித்தது. வீடு முழுக்க வாசனை. பஸ்காலின் மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்து "அடடா!" என்றாள். உப்புப் பார்க்க வேண்டுமே. கரண்டியில் குழம்பை எடுத்து வாய்வரை கொண்டுபோய் மூன்று தடவை திரும்ப ஊற்றினேன். கடைசியில் தியெரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "சரியா இருக்கு" என்றான் என் முகத்தைப் பார்க்காமல்.

எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். எங்கள் கோடையில் இரவு எட்டுக்கும் வெயில் போகாது; இன்னும் முற்றத்தில் இருந்தது. ஃபெர்னான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஒயின் பாட்டிலோடு வந்திருந்தார். பஸ்காலும் மனைவியும், நாங்கள் இருவரும், அவரும்: ஐந்து பேர். ஒரே மேசை, ஒரே பாத்திரம். நான் பரிமாறினேன். என் தட்டில் ஒரு சிறகுத் துண்டை வைத்துக்கொண்டேன்.

"எங்க பாட்டன் காலத்துல சாப்பிட்ட ருசி!" என்றார் பஸ்கால். "இந்த மாதிரிச் சேவலை எங்கேங்க பிடிக்கிறீங்க?"

"இது உங்களை எழுப்பினதுதான்" என்றார் ஃபெர்னான்.

பஸ்காலின் முள்கரண்டி பாதியில் நின்றது. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, நாங்க சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம். பிள்ளைங்க போன்ல கேட்டுதுங்க, சேவல் கூவுறதைப் பதிவு பண்ணிக்கிட்டு வான்னு" என்றாள்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. வீணாப் போனாத்தான் எனக்குக் கோவம் வரும்." ஃபெர்னான் தன் கிளாஸைத் தூக்கினார். "உங்களுக்காக இல்ல. இதோ இவளுக்காக. நோட்டரி மாதிரி ஒரு சேவல் திரும்பக் கிடைக்காது, ஒத்துக்கிறேன். ஆனா இவ மாதிரிப் பக்கத்து வீடும் கிடைக்காது. அந்தக் காக்கை செவ்வாய்க்கிழமை மூட்டை கட்டுறாளாம். பீடை ஒழியட்டும். ஒதீலுக்கு!"

எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். தியெரியும் தூக்கினான்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. பஸ்கால் சிரிக்கத் தயாராகக்கூட இருந்தார். நான் மறுபடி சொன்னேன். "அந்தக் கடிதம். மேயருக்கு. நான்தான் எழுதினேன், ஃபெர்னான்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தட்டில் இருந்த குழம்பை மெதுவாகத் துடைத்தார். சாப்பிட்டார்.

"அமைதியை நாடி வந்தவர்கள்னு எழுதினது?"

"நான்தான்."

"நீ உன் பேரு போடாம மட்டும் விட்டிருந்தா, பயந்துட்டேன்னு வெச்சுக்கலாம். நீ அவ பேரை எழுதாமலே அவ எழுதின மாதிரி எழுதியிருக்கே."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மே மாசத்துலேயே என் கையாலேயே அறுத்திருப்பேனே! உனக்காக! உனக்குத் தெரியாதா?"

தெரியும். அது தெரிந்ததால்தான் சொல்ல முடியவில்லையோ என்னவோ. நான் அழுதேன். அழ எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டே அழுதேன். தியெரி என் தோளில் கை வைத்தான். அதைத் தட்டிவிட்டேன்.

"அழுறதை அப்புறம் வெச்சுக்கோ" என்று ஃபெர்னான் எழுந்தார். "நான் அந்தம்மாவை ஊரே பாக்க நிக்க வெச்சுக் கேட்டேன். ஏணி, கூரை, காசுன்னு. எல்லாத்தையும் சொல்லிக்காட்டினேன். எழுந்திரு. நட."

விருந்தினர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். எட்டு நிமிஷ நடை. ஓடையை நெருங்க நெருங்கத் தண்ணீர் இரைச்சல் காதை அடைத்தது. மில் வீட்டு வாசலில் பலகைக்கு மேல் "விற்கப்பட்டது" என்று ஒரு பட்டை ஒட்டியிருந்தது. ஃபெர்னான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

மதாம் வாசேர் கதவைத் திறந்தார். பின்னால் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கையில் ஒட்டும் நாடா.

"மதாம்" என்றார் ஃபெர்னான். "நான் உங்களை அநியாயமாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க. கடிதம் உங்களுது இல்ல."

"நான் அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க." அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு நகர்ந்து என்னை முன்னால் விட்டார்.

"நான்தான் எழுதினேன், மதாம் வாசேர்" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் எங்கோ போய்விட்டது. "நாளைக்கே மேயர்கிட்டப் போறேன். ரொட்டி வண்டிகிட்ட எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க போக வேண்டாம். தயவுசெஞ்சு போகாதீங்க."

"கையெழுத்துப் போட்டாச்சு. தங்கச்சி வீட்டுப் பக்கத்துலேயே லியோன்ல ஒரு இடம் பாத்தாச்சு." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இங்க தண்ணிச் சத்தத்தைக் கேளுங்க. இந்த மூணு வருஷத்துல அந்தச் சேவல் கூவி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அது கேக்குற தூரத்துல ரெண்டே வீடுதான் இருக்கு. ஒண்ணு இவரோடது."

"அன்னிக்கே அதைச் சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களேம்மா!" என்றார் ஃபெர்னான்.

"சொல்லியிருந்தா எனக்குப் பண்ணினதை இவங்களுக்குப் பண்ணியிருப்பீங்க. இவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "ரொட்டி வண்டிகிட்ட நீங்க மட்டும் எனக்குப் போன்ழூர் சொல்லுவீங்க இல்ல? ஒவ்வொரு தடவையும், சரி, இன்னிக்குச் சொல்லப் போறாங்கன்னு நெனைச்சு உங்க முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பேன். நீங்க மழையைப் பத்திப் பேசிட்டு ரொட்டியை வாங்கிக்கிட்டுப் போயிருவீங்க. போயிரலாம்னு எடுத்த துணிங்களை அன்னிக்கு மடிச்சுத் திரும்ப அலமாரியில வைப்பேன், அடுத்த தடவை வரைக்கும் பெட்டி கட்ட வேண்டாம்னு இருப்பேன். பத்துத் தடவை இருந்து பாத்தேன், மதாம். அதுக்கு அப்புறம்தான் பலகையை மாட்டச் சொன்னேன்."

உள்ளே அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கட்ட வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார். ஃபெர்னான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல், தன் வீட்டுப் பாதையில் நடந்தார். நான் அந்த வாசலிலேயே நின்றேன். பத்துத் தடவை. வாய் நிறையப் போன்ழூர் சொன்னேனே, பாவி.